ஒரு முழு வாக்கியத்தின் வேகம்

ஜனவரி 23, செவ்வாய்

காலையில் நீச்சல் குளம். முதல் நான்கு நீளத்தை வழக்கம்போல வெறி பிடித்தவள் மாதிரி அடித்தேன். ஐந்தாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்தேன். பக்கத்துத் தடத்தில் ஒருவர், குளியல் தொட்டியில் கிடப்பவர் போல, சாவகாசமாக என்னைக் கடந்து போனார். திரும்பியும் வந்தார்.

கோச் கரையில் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவள். எப்போது பார்த்தாலும் ஏதாவது தின்றுகொண்டிருப்பாள்.

"யாராச்சும் துரத்துறாங்களா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"அப்புறம் ஏன்?"

ஏன் என்று தெரிந்திருந்தால் போன வருடம் படகில் வந்திருக்க மாட்டேன்.

புது நாட்குறிப்பு என்பதால் அதை ஒருமுறை எழுதி முடித்துவிடுகிறேன். நெடுந்தூர டிரையத்லான். ஏரியில் நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீச்சல், பிறகு நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், பிறகு ஒரு முழு மாரத்தான், எல்லாம் ஒரே நாளில். வழி காட்ட ஏரியில் மிதக்கவிட்டிருந்த முதல் மிதவையையே நான் தாண்டவில்லை. சங்கு ஊதியதும் எல்லாரோடும் சேர்ந்து பாய்ந்தேன், கொஞ்ச தூரத்தில் மூச்சு வரவில்லை, கையைத் தூக்கினேன், படகு வந்தது. என் சைக்கிள் அன்று முழுக்க ஸ்டாண்டில் தொங்கியது. அதில் நான் ஒட்டிவைத்திருந்த தின்பண்டப் பொட்டலங்கள்கூடப் பிரிக்கப்படவில்லை.

அன்றிலிருந்து அண்ணன் என்னைப் 'படகு' என்றுதான் கூப்பிடுகிறான். படகு, சாப்பிட வா. படகு, ரிமோட் எங்கே. கோபம் வருவதில்லை. அவன் அப்படிக் கூப்பிடாமல் பார்த்துப் பார்த்துப் பேசியிருந்தால்தான் உடைந்துபோயிருப்பேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி மறுபடி. அதே ஏரி. இந்த முறையும் படகு என்றால் விட்டுவிடுவேன் என்று கோச்சிடம் சொல்லியாகிவிட்டது. அவள் வாழைப்பழத் தோலை எறிந்துவிட்டு, "சரி," என்றாள். அவ்வளவுதான்.

ஜனவரி 27, சனி

கிளினிக்கில் இன்று ஒருவர். காது பரிசோதனை அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்று சொல்லிக் கதவை மூடினேன். நான் சத்தமே அனுப்பாதபோதும் அழுத்திக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து, "சார், இது பரீட்சை இல்ல," என்றேன்.

"பரீட்சை இல்லேன்னா எதுக்குக் கதவ மூடுறீங்க?" என்றார்.

நியாயமான கேள்வி.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஆபத்து. அண்ணி ஓட வருகிறாராம்.

மூன்று வருடமாக இந்த வீட்டில், அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். எனக்கென்று ஓர் அறை, அதில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம், யாரும் தட்டாமல் நுழைவதில்லை. குறை சொன்னால் வாய் வெந்துபோகும். ஆனாலும் விடிவதற்கு முன் தெருவில் ஓடும் அந்த நேரம்தான் முழுக்க என்னுடையது. யாரும் எதுவும் கேட்காத நேரம்.

ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி அறைக்கதவில் சாய்ந்து நின்றார். காலில் புது ஷூ. பளபளவென்று.

"நீ மட்டும்தான் காலைல வீட்ட விட்டு ஓடணுமா? எனக்கும்தான் ஓடணும்னு தோணும். தினம் தோணும்."

வாங்க என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

நான் படித்த பயண நூல்களில் எல்லாரும் தனியாகப் போகிறார்கள். பனிமலை ஏறுகிறவன், கடலைக் கடக்கிறவள், பாலைவனத்தில் ஒட்டகத்தோடு நடக்கிறவள். ஒருத்தருக்கும் அண்ணி இல்லை.

பிப்ரவரி 8, வியாழன்

பேசுகிறார். ஓடிக்கொண்டே. நிறுத்தவே இல்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

அண்ணிக்கு வேலை தொலைபேசி நிறுவனத்தில், புகார் கேட்கும் பிரிவில். எட்டு மணி நேரம் அடுத்தவர் பேசுவதை மட்டும் கேட்க வேண்டும். பதிலுக்குச் சொல்ல அவருக்கு எழுதிக் கொடுத்திருப்பது நாலைந்து வரி. "எனக்குன்னு பேசக் கிடைக்கிற நேரம் இதுதான். நீ வேணா காதப் பொத்திக்க," என்றார் இன்று. காதோடு பிழைப்பு நடத்துகிறவளிடம்.

அண்ணனுடைய சாக்ஸ் பற்றி ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார். தினமும் ஒருமுறையாவது வந்துவிடும்: "உங்கண்ணன் சாக்ஸக் கழட்டிப் போட்டு, அது மறுநாள் ஜோடியாக் கிடைச்சதாச் சரித்திரமே இல்ல."

இன்று ஒன்று கவனித்தேன். மேம்பாலத்துக்குக் கீழே நான் என்னை அறியாமல் வேகம் கூட்டினேன். வாக்கியம் 'ஜோடியா'வில் அறுந்தது. வேகத்தைக் குறைத்தேன். மீதி வந்தது. மறுபடி கூட்டினேன். வெறும் "உங்கண்ணன்" மட்டும். நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்று கண்டுபிடித்து முதுகில் ஒன்று வைத்தார்.

தெருமுனை பேக்கரிக்கு முன்னால் பேக்கரி அண்ணா ஷட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் வேலை செய்துவிட்டு அந்த நேரத்தில் காற்று வாங்குவார். கை, முடி எல்லாம் மாவு. இத்தனை நாள் எனக்குத் தலையை மட்டும் அசைப்பார், நானும் அசைப்பேன். அண்ணி முதல் நாளே நின்று பேசிவிட்டார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

கோச்சின் புது யோசனை. மார்ச் 24-ஆம் தேதி நகரத்தில் நடக்கும் அரை மாரத்தானில் நான் ஓட வேண்டும். பந்தயமாக அல்ல. கொடி பிடித்து.

விஷயம் இது: கூட்டத்தில் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒருவர் கொடியோடு ஓடுவார். அந்தக் கொடியை விட்டுப் பிரியாமல் போனால் அந்த நேரத்தில் முடித்துவிடலாம். எனக்குக் கொடுத்திருப்பது மூன்று மணி நேரக் கொடி. கடைசிக் கொடி. அதற்குப் பின்னால் ஒரு வேன் வரும். மூன்று மணி நேரத்துக்குள் வர முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும், ஏனென்றால் அதற்குப் பிறகு சாலையைத் திறந்துவிடுவார்கள்.

"ரொம்ப மெதுவா இருக்கே," என்றேன்.

"அதுக்குத்தான்." கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். "உனக்கு நீந்தத் தெரியும், ஓட்டத் தெரியும், ஓடத் தெரியும். ஆரம்பிக்க மட்டும் தெரியாது."

படகில் ஏற்றப்பட்டவளின் கையிலேயே கடைசிக் கொடி. இவள் தெரிந்துதான் செய்கிறாளா?

மார்ச் 2, சனி

அண்ணியும் பெயர் கொடுத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை, பேக்கரி அண்ணாவையும் கொடுக்க வைத்துவிட்டார். சும்மா கிடந்த சங்கு.

மார்ச் 16, சனி

மூன்று பேராக ஓடினோம். பேக்கரி அண்ணா வேலையை முடித்த கையோடு வந்துவிடுகிறார். அவருக்கு அது நாளின் முடிவு, எங்களுக்குத் தொடக்கம். ஓடும்போது அவரிடமிருந்து சூடான ரொட்டி வாசனை வருகிறது. பசி தாங்கவில்லை.

எதற்காக ஓடுகிறீர்கள் என்று அண்ணிதான் கேட்டார். நான் கேட்டிருக்க மாட்டேன்.

"மக காலேஜ் படிக்கிறா," என்றார். "அவ பொறந்ததுலேர்ந்து எனக்கு ராத்திரி வேல. அவ முழிச்சிருக்கிறப்போ நான் தூங்குவேன். 'எங்கப்பாவோட உள்ளங்கால்தான் எனக்குத் தெரியும், மூஞ்சி மறந்துபோச்சு'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுறா. அன்னிக்கி முடியிற எடத்துல வந்து நிக்கிறேன்னு சொல்லிருக்கா. வீடியோ எடுக்கவாம்."

"பகல்ல முழிச்சிருந்ததுக்கு ஆதாரம் வேணும்ல," என்றார் அண்ணி.

"அதான். மூணு மணி நேரம் போதும்ல?" — இது என்னிடம்.

போதும் என்றேன். என் கொடியைப் பார்த்து ஓடி வாருங்கள், கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். அப்படியேதான் சொன்னேன்.

மார்ச் 23, சனி

சைக்கிள் செயினில் ஒரு வாரமாக ஒரு கீச்சொலி. எண்ணெய் போட்டு, மாலையில் வீட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். போய்விட்டது. துணி, ஷூ, கொடி எல்லாம் நாற்காலியில். வாட்ச் சார்ஜில்.

நாளைக்கு எதுவும் தப்பாகப் போக வழியில்லை. நடைதானே.

மார்ச் 24, ஞாயிறு

வேண்டாம்.

மார்ச் 25, திங்கள்

கிளினிக்குக்கு லீவு சொன்னேன். எழுதிவிடுகிறேன்.

மூன்று மணி நேரத்தில் முடிக்க, ஒரு கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கொடியைச் சுற்றி இருபது பேர் போல நின்றார்கள். அண்ணி, பேக்கரி அண்ணா, ஒரே மருத்துவமனையில் வேலை பார்க்கும் இரண்டு நர்சுகள், பெயர் கேட்காத மற்றவர்கள். எல்லாரும் கொடியைப் பார்த்தார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள். அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. கிளம்பச் சொன்னார்கள். வாட்ச்சை அழுத்தினேன். கூட்டம் விலகி இடம் கிடைத்ததும் பார்த்தேன். 8.5. அப்படியே பிடித்தேன். அசையவில்லை. இரண்டாவது கிலோமீட்டர், 8.5. மூன்றாவது, 8.5. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

நான்காவது பலகையைத் தாண்டும்போது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. வீட்டில் ஃபிரிட்ஜ் நின்றுபோனால் தோன்றுமே, அப்படி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அண்ணி பேசவில்லை.

"அண்ணி?"

"ம்."

"சரியா இருக்கீங்களா?"

"ம்."

அண்ணி ஒரு நாளில் ஒரு முறை 'ம்' சொன்னாலே அதிசயம். மறுபடி வாட்ச்சைப் பார்த்தேன். எண்ணை அல்ல, எண்ணைச் சுற்றி இருப்பதை. மூலையில் ஒரு சின்னச் சைக்கிள் படம்.

முந்தைய நாள் செயினைச் சரிபார்க்க ஓட்டியபோது சைக்கிளுக்கு மாற்றியிருந்தேன். திருப்பி மாற்றவில்லை. ஓட்டத்துக்கு அது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று காட்டும். சைக்கிளுக்கு, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும். நான் பிடித்துக்கொண்டு ஓடியது மணிக்கு எட்டரை கிலோமீட்டர் வேகத்தை. கொடிக்கு வேண்டிய வேகம் மணிக்கு ஏழு. ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத ஆட்களை நாலு கிலோமீட்டருக்கு விரட்டியிருக்கிறேன். சரியான எண் என்றால் 8:30 என்று நடுவில் இரண்டு புள்ளி இருக்கும், இப்படி ஒற்றைப் புள்ளி இருக்காது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். மூன்று விளையாட்டுக்கும் ஒரே வாட்ச் கட்டுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். உடம்பாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு வேகமும் ஒன்றுதான், இரண்டுமே நடை.

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்து, யாருக்கும் தெரியாமல்.

"நான் தப்பா ஓட்டிட்டேன்," என்றேன். "வேகமா வந்துட்டோம். ரொம்ப."

"எங்களுக்கு ரெண்டாவது கிலோமீட்டர்லயே தெரியும்," என்றாள் உயரமான நர்சு.

"சொல்லியிருக்கலாமே."

"கொடி உங்ககிட்டல்ல இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். இருபது பேர் இல்லை. பத்துப் பேர் இருந்தால் அதிகம். பேக்கரி அண்ணா பின்னால் தனியாக, இடுப்பில் கை வைத்து வந்துகொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்து, போங்க போங்க என்று கையை அசைத்தார்.

வேகத்தைக் குறைத்தேன். வந்து சேர்ந்துகொண்டார். முகம் மாவு பூசின மாதிரியே இருந்தது, ஆனால் அது மாவு இல்லை. பாதி தூரம்வரை கூடவே இருந்தார். திரும்புமிடத்தில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே டம்ளரை வாங்கிக்கொண்டு நின்றார். நின்ற கால் திரும்ப எழவில்லை. கொடிக்கு ஒரு விதி உண்டு: ஒருவருக்காக நிற்கக் கூடாது. மற்றவர்களுடைய நேரமும் கையில் இருக்கிறது. போனேன். திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வாட்ச்சை ஓட்டத்துக்கு மாற்றிவிட்டேன், இப்போது சரியாகத்தான் காட்டியது. ஆனால் எட்டரை நிமிடம் என்பது காலையில் புதிதாகக் கிளம்பியவர்களுக்கான கணக்கு. நான் கசக்கிப் பிழிந்தவர்களுக்கு அது இல்லை. ஆறு நிமிடம் முன்னால் ஓடியிருந்தோம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். எவ்வளவு கொஞ்சம் என்று எது சொல்லும்?

"அண்ணி, பேசுங்க."

"என்னத்த."

"எதையாவது. அண்ணன் சாக்ஸ்."

"உங்கண்ணன்... சாக்ஸ..." நின்றது. இன்னும் குறைத்தேன். "...கழட்டிப் போட்டு..." இன்னும். "...அது மறுநாள் ஜோடியாக் கிடைச்சதாச் சரித்திரமே இல்ல."

"எங்க வீட்டுலயும்," என்றாள் குட்டையான நர்சு.

அதற்குப் பிறகு நான் வாட்ச்சைப் பார்க்கவில்லை. பேச்சைக் கேட்டேன். வாக்கியம் முழுசாக வந்தால் அப்படியே. பாதியில் அறுந்தால் குறைப்பு. நர்சுகளின் மேற்பார்வையாளர், அண்ணியிடம் தினமும் போன் செய்து அழும் ஒரு வாடிக்கையாளர், யாரோ ஒருவருடைய மாமியாரின் நாய்க்குட்டி, எல்லாவற்றையும் கேட்டேன். மனிதர்களை இவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டதில்லை. கிளினிக்கில் நான் கேட்பது அவர்களுக்குக் கேட்கிறதா என்பதை மட்டும்தான்.

கொடி மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தது. அண்ணி அழுதார், பிறகு அதை மறுத்தார். புகைப்படத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது.

பத்து நிமிடம் கழித்து வேன் வந்தது. தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். அப்பாவைப் போலவே நெற்றி. வேன் கதவு திறந்து அவர் இறங்கினார். அவள் போனைத் தாழ்த்தினாள்.

போய்ப் பேசவில்லை. கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கொடியைச் சுருட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

மார்ச் 26, செவ்வாய்

அண்ணன் இன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஏப்ரல் 6, சனி

பின்தெரு வழியாக ஓடுகிறேன். தெருவிளக்கு சரியில்லை, நாய் இருக்கிறது, ஆனால் பேக்கரி இல்லை. அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாளாக முன்தெருவில் தனியாக ஓடிவிட்டு வருகிறார். கேட்காமல் இருப்பதற்கும் ஒரு சத்தம் உண்டு என்பது தெரிகிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

கோச்சிடம் முழுக்கச் சொன்னேன். 'சைக்கிள்' என்ற இடத்தில் அவளுக்குப் பிஸ்கட் புரையேறிவிட்டது. முதுகில் தட்டினேன்.

"நான் ஒரு போட்டியில நீச்சல் தொப்பிய கழட்டாம அதுமேலயே ஹெல்மெட் போட்டு ஓட்டிருக்கேன்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சரி, அந்த ஆளப் பார்த்தியா?"

"இல்ல."

"பார்த்துட்டு வா. அப்புறம் ஏரிக்குப் போலாம்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ மொகத்த இப்படி வச்சுக்கிட்டு வந்தா எனக்கு நீச்சல் சொல்லிக்குடுக்க வரல."

ஏப்ரல் 20, சனி

போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன, ஊரச் சுத்தி ஓடுறீங்க போல," என்றார்.

"மன்னிச்சுக்குங்க அண்ணா. அன்னிக்கி என் தப்பு."

"ஆமா," என்றார். "உங்க தப்புதான்."

நான் எதிர்பார்த்தது, பரவாயில்லை விடுங்கள் என்பதை. அது கிடைத்திருந்தால் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பேன். ஏனோ இது லேசாக இருந்தது.

அடுக்கி முடித்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார். "வேகம்னு எனக்கும் தெரிஞ்சிது. மூச்சு முட்டுச்சு. ஆனா எல்லாரும் போறாங்களே. விட்டா அவ்வளவுதான்னு ஒரு பயம். நம்ம வேகத்துல போவோம்னு தோணவே இல்ல."

எனக்கு ஏரியின் முதல் மிதவை கண்முன் வந்தது. அங்கே எனக்கும் அதே பயம்தான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, இந்த வார்த்தைகளில் எனக்கே சொன்னதில்லை. சொன்னேன். போன வருடம், படகு, எல்லாம்.

கேட்டுவிட்டு, "படகுல ஃபேன் உண்டா?" என்றார்.

"இல்ல."

"வேன்ல ஏசி இருந்துச்சு. நல்லா சாஞ்சு உக்காந்துட்டேன். உங்கள விட எனக்கு வசதி."

"மக என்ன சொன்னா?"

"மூஞ்சி ஞாபகம் வந்துருச்சுப்பான்னா." கையிலிருந்த மாவைத் தட்டினார். "திரும்ப ஓடணும்ங்க. போட்டியெல்லாம் வேணாம். அதே ரோட்டுல, சும்மா. வாட்ச் இல்லாம வர்றதா இருந்தா நீங்களும் வாங்க."

மே 5, ஞாயிறு

ஏரி. வருடம் ஒன்றாகப் போகிறது அதைத் தொட்டு. தண்ணீர் கறுப்பாக, எதையும் நினைவில் வைத்திராதது போல இருந்தது.

கோச் சிறிய படகில் கூடவே வந்தாள், சோளப்பொரியோடு. தண்ணீரில் இறங்கியதும் கை தானாகப் பறந்தது. இருபது வீச்சு, மூச்சு மேலே ஏறிவிட்டது, படகு விளிம்பைப் பிடித்தேன். அதே இடம். அதே நான்.

விளிம்பைப் பிடித்துக்கொண்டே யோசித்தேன். இங்கே கூடவே ஓடி வந்து பேச யார் இருக்கிறார்கள்?

நீச்சலில் மூச்சைத் தண்ணீருக்குள்தானே விட வேண்டும். அதைச் சும்மா விடுவதற்குப் பதில் பேசிப் பார்த்தேன். உங்கண்ணன் சாக்ஸக் கழட்டிப் போட்டு. தண்ணீருக்குள் எல்லா வாக்கியமும் ஒரே புபுபுதான், ஆனால் எனக்குத் தெரியும் எங்கே அறுகிறது என்று. முதலில் 'சாக்ஸ'த் தாண்டவில்லை. கையை மெதுவாக்கினேன். 'கழட்டிப் போட்டு' வந்தது. இன்னும் மெதுவாக்கினேன், வெட்கமே இல்லாமல், குளியல் தொட்டிக்காரர் மாதிரி. ஒரு மூச்சில் பாதி, அடுத்த மூச்சில் மீதி. சரித்திரமே இல்ல.

எங்கே போகிறேன் என்று பார்க்கத் தலையைத் தூக்கியபோது மிதவை எனக்குப் பின்னால் இருந்தது.

"என்னடி முணுமுணுத்துக்கிட்டே போற?" என்றாள் கோச், படகிலிருந்து. "மந்திரமா?"

ஆமாம் என்றேன்.

மே 9, வியாழன்

சாக்ஸ் வாக்கியத்தை ஏரியில் பயன்படுத்துவதை அண்ணியிடம் சொன்னேன். அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "அப்போ என்னாலதான் நீ நீந்துற," என்றான். இனி இந்த வீட்டில் சாக்ஸுக்கு விடிவு இல்லை.

மே 26, ஞாயிறு

மூன்று பேரும் அதே சாலையில், அதே தூரம். சாலை அடைக்கப்படவில்லை, பலகை இல்லை, தண்ணீர் கொடுப்பவர் இல்லை; ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக. வாட்ச் வீட்டில். பேக்கரி அண்ணா முன்னால் போனார், வேகம் அவருடையது. அவர் நடந்தால் நடந்தோம். திரும்புமிடத்தில் நிற்காமல் திரும்பினார். அண்ணி பேச்சை நிறுத்தவே இல்லை.

அன்று முடிவுக்கோடு இருந்த இடத்தில் இப்போது ஒரு பேருந்து நிறுத்தம். அங்கே அவருடைய மகள் நின்றிருந்தாள், போனைத் தூக்கிப் பிடித்தபடி. பேருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

எவ்வளவு நேரம் ஆனது என்று யாரும் கேட்கவில்லை. வேன் வந்திருந்தால் எப்போதோ ஏற்றியிருக்கும்.

ஜூன் 8, சனி

ஏரிக்கரையில் விடுதி. சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு வந்தாகிவிட்டது. வாட்ச் எதில் இருக்கிறது என்று மூன்று முறை பார்த்தேன், அண்ணி ஒரு முறை பார்த்தார்.

அண்ணன் ஜன்னலருகே நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பயமா இருக்கா?" என்றான். படகு என்று சேர்க்கவில்லை.

"இருக்கு."

"எனக்கும்தான்," என்றான். "போய்த் தூங்கு, படகு."

ஜூன் 11, செவ்வாய்

நேற்று முழுக்கத் தூங்கினேன். இன்றும் எழுந்திருக்கும் எண்ணம் இல்லை. தொடை இரண்டும் வேறு யாருடையவோ. கட்டிலில் படுத்தபடியே எழுதுகிறேன், எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது.

சங்கு ஊதியதும் எல்லாரும் பாய்ந்தார்கள். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அவர்கள் போகும்வரை பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு படுத்தேன், வாக்கியத்தைத் தொடங்கினேன். முதல் மிதவைக்கு முன்னால் ஒருமுறை அறுந்தது, யாரோ ஒருவருடைய கால் முகத்தில் பட்டபோது. கை மேலே போகப் பார்த்தது. படகு பக்கத்திலேயே இருந்தது, அதிலிருந்தவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையை முன்னால் போட்டேன். மறுபடி முதலிலிருந்து, உங்கண்ணன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. அவ்வளவு சாக்ஸ் உலகத்திலேயே இருக்காது.

கரை ஏறும்போது எனக்குப் பின்னால் அதிகம் பேர் இல்லை. தடுப்பின்மேல் அண்ணன் பாதி ஏறி நின்றிருந்தான். என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் தண்ணீரைப் பார்த்தான்.

"படகு எங்கடி?" என்றான்.

அதற்குப் பிறகு சைக்கிள், அதற்குப் பிறகு ஓட்டம். வெயில், காற்று, ஒரு முறை வாந்தி. நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் முடித்தேன். அதை இன்னொரு நாள் எழுதலாம். எழுதாவிட்டாலும் ஒன்றுமில்லை.

இன்னும் விடியவில்லை. சற்று முன் அண்ணி கதவைத் தட்டி, வருகிறாயா என்று கேட்டார். காலைக் காட்டினேன். சிரித்துவிட்டுப் போனார். கீழே கேட் திறந்தது. பேக்கரி அண்ணாவின் குரல், செருமல், ஷூ சத்தம். நான் இல்லாமல் அந்தத் தெருவில் ஓட்டம் தொடங்குவதை முதல்முறையாகக் கேட்கிறேன். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டேன்.

அண்ணி பேசிக்கொண்டே போகிறார். மேம்பாலம்வரை கேட்டது. வாக்கியங்கள் முழுசாக வருகின்றன. வேகம் சரிதான்.